தானாக மூடிக்கொள்ளும் ஜன்னல்கள்

"அக்கா, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் நகந்துக்குங்க. ஃபோட்டோல விழுறீங்க" என்றார் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவரான பல் டாக்டர்.

அவள் ஏணியின் மூன்றாம் படியில் நின்றுகொண்டிருந்தாள். ஏழாம் நம்பர் வீட்டின் கிழக்கு ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பலகைக் கதவு போன மழையில் ஊறி உப்பிப்போயிருந்தது. அதை மூட வேண்டுமென்றால் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு, பிறகு கொக்கியைத் தூக்கி ஒரு அழுத்து. அன்றைக்கு என்ன முக்கினாலும் கொக்கி விழவில்லை. மணி எட்டரை ஆகிவிட்டது. கிழக்கு வெயில் அந்த வீட்டுக் கூடத்தில் தாராளமாகப் பாய் விரித்திருந்தது.

டாக்டருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். வேறு ஊரில் இதே மாதிரி சேர்ந்து வீடு கட்டிக்கொள்ள நினைப்பவர்கள், பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். ஒருவர் கையில் பெரிய கேமரா.

அவள் இறங்கி ஏணியை மடக்கிக்கொண்டு நகர்ந்தாள். டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"எங்க பன்னெண்டு வீட்லயும் ஏசி கிடையாது, ஹீட்டர் கிடையாது. மோட்டார், மெஷின், ஒண்ணுமே கிடையாது. குளிர்காலத்துல தானா சூடாகும், கோடையில தானா குளிரும். வீடு தன்னைத்தானே பாத்துக்கும்!"

கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஓர் அம்மாள் மட்டும் ஏணியோடு நிற்பவளைப் பார்த்து, "இவங்க இங்க வேலை செய்றவங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். "சேச்சே! நம்ம பேக்கரி அக்கா. மூணாம் நம்பர் வீடு. சும்மா இருக்கத் தெரியாது, எதையாவது தட்டிக்கிட்டே இருப்பாங்க."

கூட்டமும் சிரித்தபடியே நகர்ந்தது. ஏணியின் அலுமினியம் அவள் உள்ளங்கையைச் சுட்டது. அவள் அதை விடவில்லை. கடைசி ஆள் திரும்பி மறையும்வரை அப்படியே நின்றாள். பிறகு ஏணியைக் கொண்டுபோய்ப் பட்டறை அறையில் சாத்தினாள். ஏழாம் நம்பரின் கொக்கி விழாமலேயே கிடந்தது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அவள் போகவே இல்லை.

இருபத்தெட்டு வருஷம் ரொட்டி அடுப்பின் முன்னால் நின்றவள் அவள். தோள்பட்டை தேய்ந்து வேலையை விட்ட சமயத்தில்தான் தங்கை வந்து நச்சரித்தாள். "சேந்து நிலம் வாங்குறோம்க்கா. தனித்தனி வீடு, ஆனா ஒரே கூட்டம். பொதுச் சமையலறை, பொது ஹால், துணி துவைக்க ஒரே அறை. நீயும் மாமாவும் வந்தா நாம கடைசி வரைக்கும் பக்கத்துப் பக்கத்துல இருக்கலாம்." தங்கை ஒரு அழகு நிலையம் வைத்திருந்தாள். கெஞ்ச ஆரம்பித்தால் கல்லும் கரையும். அக்கா கரைந்தாள்.

வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்ட் சின்னப் பெண். முதல் கூட்டத்தில் படத்தைச் சுவரில் ஒட்டி விளக்கினாள். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும். அப்போது பெரிய கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்து, தடித்த செங்கல் சுவரிலும் கருங்கல் தரையிலும் விழும். அவை பகலெல்லாம் சூட்டைக் குடித்து மாலையில் திருப்பிக் கொடுக்கும். கோடையில் உச்சி வெயிலைக் கூரையின் நீட்டலே தடுத்துவிடும். ஆனால் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் வரும் வெயிலைக் கூரை தடுக்காது. அதற்குத்தான் வெளியே பலகைக் கதவுகள். காலையில் மூட வேண்டும். பொழுது சாய்ந்ததும் உச்சியில் இருக்கிற சின்ன ஜன்னல்களைக் கயிற்றை இழுத்துத் திறந்து, சூட்டை வெளியே விரட்ட வேண்டும். விடிந்ததும் அவற்றையும் சாத்தி, குளிர்ச்சியை உள்ளேயே பிடித்து வைக்க வேண்டும்.

எல்லாரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். அவள் மட்டும்தான் வாயைத் திறந்தாள். "அப்ப இது எங்க அடுப்பு மாதிரிதான். நெருப்ப வாரி வெளிய போட்டப்புறமும் செங்கல்லு சூட்ட விடாது. ஆனா வாய எப்ப மூடணும், எப்ப திறக்கணும்னு ஒரு ஆளு நிக்கணும்."

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அதேதான்க்கா! அந்த ஆளு நீங்க எல்லாரும்தான்."

அவரவர் வீட்டுக் கதவு அவரவர் பொறுப்பு, பொது ஹால் வாரத்துக்கு ஒரு வீடு என்று தாளில் எழுதி, பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கோடையில் மூன்று வாரம் நடந்தது. அப்புறம் ஆறாம் நம்பர் வங்கிக்காரருக்குக் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. ஐந்தாம் நம்பரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பதினோராம் நம்பருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நம்பர் தங்கை வந்து, "அக்கா, இன்னைக்கு மட்டும்" என்றாள். அந்த இன்னைக்கு மட்டும் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கதவுகளும் கயிறுகளும் வெளியிலிருந்தே எட்டும் என்பதால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஒட்டிக் கட்டிய வீடுகள், நாலாம் நம்பர் கொதித்தால் மூன்றாம் நம்பர் சுவரும் கொதிக்கும். அது ஒரு காரணம். இன்னொன்று, அரைகுறையாக நடக்கிற வேலையைப் பார்த்தால் அவளுக்குக் கை ஊறும். ஐந்தரைக்கு எழுந்து நாற்பத்தெட்டுக் கதவு, பன்னிரண்டு கயிறு. மாலை ஏழு மணிக்கு மறுபடி நாற்பத்தெட்டு, பன்னிரண்டு. குளிர்காலத்தில் இதையே தலைகீழாக. தோள் வலிக்கு மருந்து தேய்த்துக்கொண்டே செய்தாள். என்றைக்காவது ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, நீங்க விடுங்கக்கா, இனிமே நான் பாத்துக்கிறேன் என்று சொல்வார் என்று ஒரு நினைப்பு அவளுக்கு இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு மாலை, காலையில் மூடிய கதவுகளை மட்டும் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், ஏழு மணிக்குக் கயிறு இழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கணவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பத்திரிகையில் பிழைதிருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்ப் பேச்சிலும் பிழை தேடுவார்.

"என்ன, மணி ஏழாச்சே?"

"வீடு தன்னைத்தானே பாத்துக்குமாம். பாத்துக்கட்டும்."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. முப்பது வருஷ அனுபவம்.

ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடவில்லை. செங்கல்லுக்குச் சூடு ஏறவும் நேரம் பிடிக்கும், இறங்கவும் நேரம் பிடிக்கும். மூன்றாம் நாள் ஏறிவிட்டது. ஃபோனில் இருந்த பன்னிரண்டு வீட்டுக் குழுவில் புலம்பல் ஆரம்பித்தது. 'எங்க வீட்ல மட்டும்தான் இப்படியா?' 'தரையில கால் வைக்க முடியல.' 'சுவத்துல சாஞ்சா முதுகு வேகுது.' அவள் தன் வீட்டுக் கதவுகளை மட்டும் ஒழுங்காக மூடினாள், திறந்தாள். ஆனால் இந்தப் பக்கம் இரண்டாம் நம்பர் சுவரும் அந்தப் பக்கம் நாலாம் நம்பர் சுவரும் அவளையும் சேர்த்து வேகவைத்தன. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை ஐந்தாம் நம்பர்க்காரி, குழந்தைகள் இரண்டுக்கும் உடம்பெல்லாம் வேர்க்குரு என்று குழுவில் எழுதினாள். அதைப் படித்ததும் அவள் எழுந்து செருப்பை மாட்டிவிட்டாள். அந்த வீட்டுக் கதவுகளை மட்டுமாவது மூடிவிட்டு வரலாம் என்று வாசலுக்கு வந்தபோதுதான், கதவுக்கு அடியில் ஒரு தாள் நுழைந்திருந்தது. டாக்டர் அனுப்பிய அவசரக் கூட்டத்தின் அறிவிப்பு. கணவர் வாங்கிப் படித்தார். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"'கட்டுமானத்தில் உள்ள குரைபாடு.' குறைபாட்டுக்கு வல்லின றகரம்கூடத் தெரியல இந்த மனுஷனுக்கு."

"மேல படிங்க."

"ஒண்ணு, வடிவமைப்புத் தவறு. ரெண்டு, ஆர்க்கிடெக்டுக்கு வக்கீல் நோட்டீஸ். மூணு, எல்லா வீட்டுக்கும் ஏசி."

அவள் செருப்பைக் கழற்றினாள். இத்தனை நாள் இருந்தது தன்னை மதிக்கவில்லை என்ற கோபம். அதைத் தனக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்ளத் தெரியும். இது வேறு. தங்கள் சோம்பலைத் தூக்கி அந்தச் சின்னப் பெண்ணின் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். இதைப் பூட்டி வைக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பொது ஹாலில் கூட்டம். ஒரு வாரமாக உச்சி ஜன்னல்கள் திறக்காத ஹால். உள்ளே காலடி வைத்ததும் முகத்தில் அனல் அடித்தது. வந்தவர்கள் அறிவிப்புத் தாளையே விசிறியாக்கி விசிறிக்கொண்டார்கள்.

ஆர்க்கிடெக்ட் பெண் மூன்று மணிக்கே வந்து பன்னிரண்டு வீட்டையும் சுற்றியிருந்தாள். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. சுவரை நோக்கி அழுத்தினால் எத்தனை டிகிரி என்று காட்டும். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் நிமிர்ந்து நின்றுதான் பேசினாள்.

"சுவர்ல தப்பு இல்ல சார். மேல ஜன்னல் கயிறெல்லாம் கட்டியே கெடக்கு. பலகைக் கதவெல்லாம் பட்டப்பகல்ல ஆன்னு திறந்து கெடக்கு. மூணாம் நம்பர் வீட்ல மட்டும்தான் மூடியிருக்கு."

"அதெல்லாம் நாங்க தொட்டு ரொம்ப நாளாச்சும்மா" என்றார் வங்கிக்காரர். "ரெண்டு வருஷமா தொடல. அப்பல்லாம் நல்லாதானே இருந்துச்சு? இப்ப மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?"

அந்தப் பெண் திகைத்துப்போனாள். "ரெண்டு வருஷமா தொடவே இல்லையா? அப்ப யாரு...?"

"தானா மூடிக்கும்னுதானே நெனச்சோம்" என்றது ஒரு குரல். "இல்லயே, டாக்டர் யாரையோ ஆள் போட்டிருக்கார்னு நான் நெனச்சேன்" என்றது இன்னொன்று.

ஐந்தாம் நம்பர்க்காரி மடியில் ஒரு குழந்தையோடு, மெதுவாக, "அக்காதானே மூடுவாங்க? ஜன்னல் வழியா நான் பாத்திருக்கேனே" என்றாள்.

எல்லாத் தலையும் மூன்றாம் நம்பர் நாற்காலி பக்கம் திரும்பியது.

டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நானும் காலையில பாத்திருக்கேன். அக்கா ஏதோ வாக்கிங் போறாங்கன்னு..."

"ஏணியத் தூக்கிக்கிட்டா வாக்கிங் போவாங்க?" என்றார் கணவர்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக விஷயம் ஆறிப்போயிருக்கும். தங்கை சும்மா இருந்திருந்தால். சூழ்நிலையைச் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு அவள் எழுந்து, "விடுங்க டாக்டர், எங்கக்காவுக்கு வீட்ல வேற என்ன வேலை? பொழுது போகணும்ல. அதுல அவளுக்கு ஒரு சந்தோஷம். ஏதோ கோவத்துல ஒரு வாரம் விட்டுட்டா, நான் சொன்னா நாளைக்கே செய்வா" என்றாள்.

அக்கா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

"பொழுது போகலன்னு நான் வந்து உன்கிட்ட சொன்னனா? சந்தோஷமா இருக்குன்னு சொன்னனா? வாடி, இந்தத் தோள்ல ஒரு தடவ கை வெச்சுப் பாரு, எவ்வளவு சந்தோஷமா இருக்குன்னு தெரியும்! டாக்டர், உங்க வீட்டுத் தெற்கு ஜன்னல்ல கொக்கி மேல இருக்கா கீழ இருக்கா? சொல்லுங்க பாப்போம். தெரியாது. வங்கி சார், உங்க வீட்டுக் கயிறு போன வருஷமே பிஞ்சு போச்சு. இப்ப தொங்குறது எங்க வீட்டுத் துணிக்கொடி. தெரியுமா? பதினொண்ணு, உங்க குளியலறைக் கதவுல குளவி கூடு கட்டி என் மணிக்கட்டு வீங்கிப்போய் ஒரு வாரம் கெடந்தேன். என்னக்கா கையில கட்டுன்னு நீங்களே கேட்டீங்க. கேட்டுட்டுப் போயிட்டீங்க. நான் ஒண்ணும் சாமி இல்ல, எல்லாத்தையும் பாத்துச் சிரிச்சிக்கிட்டு நிக்கிறதுக்கு! மெஷினே இல்லாத வீடாம். இருக்கு! ஒரு மெஷின் இருக்கு. அதுக்கு அம்பத்தெட்டு வயசு. ஃபோட்டோல விழுதுன்னு அன்னைக்கு நகத்தி வெச்சீங்களே, அதுதான்!"

விசிறிகள் நின்றுவிட்டன. மடியில் இருந்த குழந்தை மட்டும் தன் பாட்டுக்கு ஏதோ பேசியது.

டாக்டர் சமாதானக் குரலை எடுத்தார். "அக்கா, உங்க கஷ்டம் புரியுது. இத முறைப்படுத்திடலாம். எல்லா வீடும் சேந்து உங்களுக்கு மாசாமாசம் ஒரு சம்பளம்..."

"சம்பளத்துக்கு வேலை செஞ்சவதான் நான்" என்றாள் அவள். இப்போது குரல் இறங்கியிருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அதுல கேவலம் ஒண்ணுமில்ல. வேலைக்குத்தான் கூப்பிடுறீங்கன்னா, அன்னைக்கே வேலைக்குக் கூப்பிட்டிருக்கணும். நேரம் பேசியிருப்பேன், லீவு கேட்டிருப்பேன். நீங்க பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கலாம் வாங்கன்னு கூப்பிட்டீங்க. அதுக்குத்தான் வந்தேன். ரெண்டு வருஷம் நான் மட்டும்தான் பக்கத்து வீட்டுக்காரியா இருந்திருக்கேன்."

பிறகு ஆர்க்கிடெக்ட் பெண்ணிடம் திரும்பினாள். "நீ எதுக்கும்மா அந்தக் கருவியப் பிடிச்சுக்கிட்டுக் குத்தவாளி மாதிரி நிக்கிற? உக்காரு." டாக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "கூட்டக் குறிப்பு எழுதுறீங்கல்ல? எழுதுங்க. வடிவமைப்புல தப்பு இல்ல. கதவ மூடாதது நாங்க."

"ஓட்டெடுப்பு..."

"கையத் தூக்கச் சொல்லுங்க, எண்ணிக்கிறேன். ஆனா எழுதாம இந்த எடத்தவிட்டு நான் நகர மாட்டேன்."

ஐந்தாம் நம்பர்க்காரி முதலில் கையைத் தூக்கினாள். கயிற்றை நினைத்தோ என்னவோ வங்கிக்காரரும் தூக்கினார். எட்டுக் கை தூக்கியாயிற்று. தங்கை தூக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதினார். அவர் எழுதி முடித்ததும் கணவர் நிதானமாக எழுந்து வந்து, சிவப்புப் பேனாவால் ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தார்.

வக்கீல் நோட்டீஸ் அதோடு போயிற்று. ஏசி போகவில்லை. டாக்டரும் இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் பத்து நாளில் மாட்டிவிட்டார்கள். அவை பின்பக்க நடையில் நாள் முழுதும் அனலைத் துப்பின. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்த அனல் காலில் அடிக்க, அவள் வாய்விட்டே திட்டினாள். டாக்டர் வீட்டுக்குக் கேட்கும்படியாகவே திட்டினாள். மற்ற வீடுகள் தட்டுத்தடுமாறிக் கதவு மூடக் கற்றுக்கொண்டன. வங்கிக்காரர் லுங்கியோடு ஆறு மணிக்கு வெளியே வந்து, தூக்கக் கலக்கத்தில் ஏழாம் நம்பர் கதவைத் தன் கதவென்று நினைத்து இழுத்துக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர்க்காரர் வந்து சத்தம் போட்டார். பாதி நாள் ஒரு வீட்டிலாவது ஏதாவது ஒரு கதவு விட்டுப்போகும். அவள் பார்ப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விடுவாள். மூடாமல் வருவதுதான் மூடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தங்கை மூன்று வாரம் பேசவில்லை. எதிரில் வந்தால் ஃபோனைக் காதில் வைத்துக்கொள்வாள். இவளும் வலியப் போய்ப் பேசவில்லை. தப்பு செய்தவள் அவள், முறுக்கிக்கொள்பவளும் அவளா என்று நினைக்க நினைக்க எரிந்தது.

ஒரு காலை ஆறரை மணிக்கு வாசல் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. தங்கைதான். வலது கையின் நடுவிரலை இடது கையால் பொத்திப் பிடித்திருந்தாள். நகத்துக்குக் கீழே ரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தது.

"கதவுல நசுங்கிடுச்சு" என்றாள் முறைத்துக்கொண்டே. "ஐஸ் இருந்தா குடு. எங்க வீட்ல இல்ல."

அவள் வழி விட்டாள். தங்கை சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் ஐஸை ஒரு துணியில் போட்டு, உலக்கை மாதிரி டம்ளரின் அடியால் நாலு இடி இடித்தாள். நாலு போதும். ஏழெட்டு இடித்தாள்.

"ஏன்க்கா முன்னாடியே சொல்லல?" என்றாள் தங்கை திடீரென்று. "ரெண்டு வருஷம் வாய மூடிக்கிட்டே செஞ்சுட்டு, ஒரே நாள்ல எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்ட. என்னால முடியலடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா?"

"சொல்லணுமா? ஏணியோட உன் வாசல்ல நிக்கிறத தெனமும் பாத்தவதானே நீ?"

"பாத்தேன். நீ சிரிச்சிக்கிட்டே நின்ன. அம்மாவும் இப்படித்தான். செய்யிறத எல்லாம் செய்வா, ஒரு நாள் வெடிப்பா. அது வரைக்கும் நமக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்?"

சுருக்கென்றது. அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள். முழு உண்மையாக இருந்தாலும் சொல்லியிருப்பாள். இரண்டும் இல்லை. அதனால் கோபம்தான் இன்னும் கூடியது.

"கைய நீட்டு" என்றாள்.

தங்கை நீட்டினாள். அவள் ஐஸ் துணியை விரலில் சுற்றி, முனையை எடுத்து, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிக் கட்டினாள்.

"வலிக்குதுக்கா!"

"வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கட்டு அவிழாமல் இருக்க இன்னொரு முடிச்சுப் போட்டாள்.